மே மாசத்துக்குப் பூ வேணுமாம் தம்பிக்கு

ஏப்ரல் மாசம் மூணாவது வாரத்துல வந்து நின்னுக்கிட்டு, "பெரியவரே, மே கடைசியில ஏற்காடு அண்ணா பூங்காவுல மலர்க் கண்காட்சி வருது, அதுக்குள்ள என் பங்களா முன்னாடி கிளாடியோலஸ் பூத்து நிக்கணும்"னு கேக்கறீங்களே தம்பி, உங்க தைரியத்தை மெச்சறேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சுல கார்ல ஏறி வந்தவரு, கிழங்கையும் கொஞ்சம் சீக்கிரம் ஏறி வரச் சொல்லலாம்னு நெனைக்கறது நியாயந்தான். ஆனா அது மண்ணுக்குள்ள கெடக்கற சாமான். ஹாரன் அடிச்சா காதுல விழாது.

இந்தக் கணக்கை முன்னாடியிருந்து எண்ணப்படாது, பின்னாடியிருந்து எண்ணணும். பூ வேண்டிய தேதியைக் குறிச்சு வெச்சுக்கிட்டு, அங்கிருந்து பின்னால நடந்து வாங்க. கீழ வெயில் ஊருல சில ரகம் 60, 70 நாள்லயே கதிர் நீட்டிரும். நம்ம மலைக் குளிருக்கு 80லிருந்து 100 நாள் வெச்சுக்குங்க. மே கடைசியிலிருந்து அத்தனை நாள் பின்னால வந்தா எங்க நிப்பீங்க? மாசி மாசத்துல. காப்பிப் பழம் பறிச்சு முடிச்சு, களம் காலியாகி, ஆளுங்களுக்குக் கை ஓயற நேரம். காப்பி பூக்கறதுக்குன்னு பங்குனி, சித்திரையில ஒரு பாட்டம் ரெண்டு பாட்டம் பூ மழை வருமே, அதுகூட இன்னும் வந்திருக்காது. அப்பவே கிழங்கு மண்ணுக்குள்ள போயிருக்கணும். நீங்க அப்ப எங்க இருந்தீங்க? ஆபீஸ்ல வருசக் கடைசி, கணக்கு முடிக்கணும், தலை தூக்க நேரமில்லைன்னீங்க. கிழங்குக்கு அந்த மாசந்தான் கணக்குத் தொடங்கற மாசம். ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல, யாரைக் குத்தம் சொல்ல?

சரி, இந்த வருசம் போச்சு. கண்காட்சிக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டுப் போயி, அங்க பூவுலேயே கட்டி வெச்சிருக்கற பொம்மைங்களுக்கு முன்னாடி நின்னு போட்டோ புடிச்சுக்குங்க. அடுத்த வருசத்துக்குச் சொல்றேன், கேட்டுக்குங்க. மொத்தக் கிழங்கையும் ஒரே நாள்ல நட்டுறாதீங்க. கண்காட்சித் தேதியை அதிகாரிங்க முடிவு பண்ணி அறிவிக்கறப்பத்தான் நமக்குத் தெரியும். கிழங்கு அறிவிப்பைப் படிக்காது. தை கடைசியிலிருந்து ஆரம்பிச்சு 10, 15 நாளைக்கு ஒரு வரிசைன்னு நட்டுக்கிட்டே வந்தா, ஏதாவது ஒரு வரிசை தேதிக்குச் சரியா நிக்கும். மத்த வரிசைங்களுக்கு வீட்டுச் சாடி இருக்கு, சொந்தக்காரங்க இருக்காங்க.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்களே?"ன்னு என்னையே மடக்கறீங்க. படிச்சவரு! ஆனி, ஆடியில நடலாம், மலையில நடற வழக்கமும் உண்டு. ஆனா அது பூக்கறது பொரட்டாசி மழையில. கதிர் பூராவும் சாஞ்சு, இதழெல்லாம் சேத்தை நக்கிக்கிட்டுக் கெடக்கும். கோடைக்குக் கலர் வேணும்னு கேட்டது நீங்கதானே?

விக்கறதுக்கும் அதே கணக்குத்தான். சேலத்து வ.உ.சி. மார்க்கெட்டுல கொண்டு போயி எறக்கிரலாம்னு நேத்து ராத்திரி மாப்பிள்ளைகிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க, வேலி தாண்டி என் காதுல விழுந்துச்சு. நான் ஒட்டுக் கேக்கல, நீங்கதான் சத்தமாப் பேசுனீங்க. அங்க குண்டுமல்லியையும் சம்பங்கியையும் அரளியையும் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற அம்மாவுங்ககிட்ட இந்தக் குச்சியை நீட்டுனா, "இதை எங்க சாமி வெக்கறது?"ன்னு கேப்பாங்க. தலையில வெக்க முடியாது, சரமாக் கட்ட முடியாது, மணமும் கெடையாது. மே மாசந்தான் நம்ம சேர்வராயன் கோயில் திருவிழாவும் வருது, அங்கயும் இதைத் தூக்கிக்கிட்டுப் போயிராதீங்க. இதை வாங்கறது கல்யாண மண்டபத்துல மேடை ஜோடிக்கறவங்க. குச்சிக் கணக்குலதான் வாங்குவாங்க. வைகாசி முகூர்த்தத்துக்குப் பூத்தா கேப்பாங்க. ஆடியில பூத்தா? ஆடியில எவன் வீட்டுல கல்யாணம்? அதோட பெங்களூர்ப் பக்கமிருந்து ராத்திரியோட ராத்திரியா வண்டி வண்டியா பூ வந்து எறங்குது. உங்க ரெண்டு வரிசை அவங்களை ஒண்ணும் ஆட்டாது. முதல்ல வீட்டு வாசலுக்குப் பூக்கட்டும்.

இந்தச் செடி நம்மூருதான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பொறந்த எடம் ஆப்பிரிக்கா, அதுலயும் தெக்கு மொனையில கேப் பக்கந்தான் ரகம் அதிகம். ஏற்காட்டுக்குக் காப்பி கொண்டுவந்தவருன்னு கிரேஞ்ச் பங்களாக் கதையில வருவாரே காக்பர்ன் துரை, அவரு 1820லிருந்து 1829 வரைக்கும் சேலத்துக் கலெக்டரு. அவரு இங்க காப்பியும் பேரியும் வெச்சுப் பாத்துக்கிட்டிருந்த அதே காலத்துல, 1823ல, லண்டன்ல செல்சிங்கற எடத்துல கோல்வில்ங்கறவரோட நர்சரியில இந்தச் செடியில கலப்பு ரகம் ஒண்ணு எடுத்தாங்க. அப்பறம் பெல்ஜியத்துல கென்ட் ஊருல 1841ல வெளிய வந்த கலப்புலதான் இப்ப நாம பாக்கற பெரிய பூவுக்கு அஸ்திவாரம். எனக்கு அதுல புடிச்ச கதை வேற. விக்டோரியா அருவியில பாலம் கட்டப் போனவங்க, 1904 வாக்குல, அருவிச் சாரல்லயே நனைஞ்சுக்கிட்டு நிக்கற மஞ்சப் பூ ஒண்ணைப் பாத்திருக்காங்க. மேல் இதழு முன்னாடி வளைஞ்சு, நடுவுல இருக்கற மகரந்தத்துக்கு மேல கூரை போட்டிருக்கும். சாரல்லயே குடித்தனம் பண்ணுதே, தண்ணி உள்ள எறங்கப்படாதுன்னு ஏற்பாடு. அதையும் கலப்புல சேத்துக்கிட்டாங்க. நம்ம ஊரு மூடுபனிக்கு அந்த வம்சம் ஏதாவது கெடைச்சா விட்டுறாதீங்க. பூ சின்னதா இருக்கும், உங்களுக்குப் பெருசு வேணும், தெரியும். பங்களாவும் பெருசாத்தானே கட்டியிருக்கீங்க.

கிழங்கு வாங்கப் போறப்ப என்னைக் கூப்பிடாம போனீங்கன்னா, கண்டிப்பா அகலமா தட்டையா இருக்கறதைத்தான் பொறுக்குவீங்க. தராசுத் தட்டுல அது நல்லா இருக்கும். பூக்கறதுல நல்லா இருக்காது. வயசான கிழங்குதான் தட்டையாகும். 4, 5 சென்டிமீட்டர் குறுக்களவு இருந்து, நடுவுல நல்லா மேடு கட்டியிருக்கணும்; கையில எடுத்தா கெட்டியா இருக்கணும், அமுக்குனா அமுங்கப்படாது. ரகம்னா, பெங்களூர் ஹெசரகட்டாவுல இருக்கற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துல எடுத்த ரகமெல்லாம் இருக்கு: ஆர்த்தி, பூனம், மீரா, ஷோபா, சப்னா. பேரைக் கேட்டா கல்யாண வீட்டுல அத்தைமாருங்க பொண்ணுங்களை வரிசையாக் கூப்பிடறாப்புல இருக்கும். தீரஜ்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு வாடல் நோய் அவ்வளவா ஒட்டாது. பொண்ணுங்க பேரை விட்டுட்டு அந்தப் பையனைத் தேடி எடுங்க, ஏன்னா நம்ம மழையில இதுக்கு மொத எதிரி அந்த வாடல்தான். பியுசேரியம்னு ஒரு பூஞ்சணம், மண்ணுலயும் இருக்கும், கிழங்கு வழியாவும் வரும். இலை ஒரு பக்கமா மஞ்சளாகி வளையும். புடுங்கிப் பாத்தா கிழங்கு அடியில அழுகியிருக்கும். நடறதுக்கு முன்னாடி லிட்டருக்கு 2 கிராம் கார்பென்டாசிம் கரைச்சு அரை மணி நேரம் ஊறப் போடணும். கையுறை போட்டுக்குங்க. ஒரு தடவை கிழங்கு போட்ட எடத்துல மூணு நாலு வருசத்துக்குத் திருப்பிப் போடப்படாது. "எடமே அவ்வளவுதான் பெரியவரே"ன்னா, அந்த வருசமெல்லாம் வேற காய்கறி போடுங்க. வர்ற விருந்தாளிக்குப் பொரியல் ஆகும்.

இப்ப எடம். நீங்க காட்டுன எடம் ரொம்ப அழகு. நாலு சில்வர் ஓக்கு, அதுல மொளகுக் கொடி, அடியில ஜில்லுன்னு நெழலு, நாற்காலி போட்டு உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. காப்பிக்கு சொர்க்கம். இதுக்குச் சுடுகாடு. முழு வெயில் வேணும் இதுக்கு. நெழல்ல வெச்சா இலை மட்டும் நீட்டமா வந்து, கதிர் உள்ளயே கருகிப் போயிரும், குருட்டுச் செடின்னு ஆயிரும். நாற்காலியை அங்கயே விடுங்க. கிழங்கை அந்த மொட்டை வெயில்ல, நீங்க கார் நிறுத்தறீங்களே, அந்த எடத்துல வெச்சா அருமையா வரும். மூஞ்சியைச் சுளிக்காதீங்க, காருக்கு வெயில் ஆகாது, நெழல்ல நிறுத்துங்க.

மண்ணு செம்மண்ணு, புளிப்பு. கொஞ்சம் சுண்ணாம்பு போட்டுக் கொத்தி விடணும். எரு நல்லா மக்குனதா இருக்கணும். பச்சைச் சாணியைக் கொட்டுனா கிழங்கு அழுகும். மேட்டுப் பாத்தி கட்டிக்குங்க, தண்ணி நிக்கப்படாது. ஒரு சாண் ஆழமெல்லாம் வேணாம், 10 சென்டிமீட்டர் போதும். அதுக்கு மேலாப்புல வெச்சா வைகாசிக் காத்துல படுத்துக்கும். கிழங்குக்குக் கிழங்கு 15, 20 சென்டிமீட்டர். மூணு நாலு இலை விட்டதும் மண்ணு அணைச்சு விடுங்க. அப்பறம் மூங்கில் குச்சி ஊனிக் கயிறு கட்டிட்டா போதும்.

தண்ணியிலதான் உங்க மாதிரி சனிக்கெழமைக்காரங்க மாட்டறது. மூணாவது இலையிலிருந்து ஏழாவது இலை வரைக்கும் உள்ள காலத்துலதான் உள்ளுக்குள்ள கதிர் உருவாகும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, இலை நிக்கும், அவ்வளவுதான். அப்பத் தண்ணி காட்டலைன்னா பூ எண்ணிக்கை கொறையும், இல்லாட்டி கதிரே வராது. நம்மூருல அது பங்குனி மாசம். ஊரே கொடம் தூக்கிக்கிட்டு அலையற மாசம். நீங்க சனிக்கெழமை வந்து ஓஸைப் புடிச்சு வீடியோ எடுத்துட்டு ஞாயித்துக்கெழமை எறங்கிருவீங்க. செவ்வாக்கெழமை அது நாக்கைத் தொங்கப் போட்டுரும். பின்னாடி ஒரு தொட்டி கட்டுங்க. ஐப்பசி மழையைப் புடிச்சு வெச்சாலே பாதித் தொல்லை தீரும். அந்த மழைத்தண்ணிக்கு இன்னொரு வேலையும் இருக்கு, சொல்றேன்.

முள்ளம்பன்றியும் காட்டுப்பன்னியும் கிழங்குன்னா விடாது, கம்பி வலை போடுங்க. குரங்குக்கு வலை போட்டும் பிரயோஜனம் இல்ல. மொதப் பூ விரியற நாள் உங்களுக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிரும். இலையில வெள்ளி பூசுனாப்புல கீறல் விழுந்தா இலைப்பேன். அது கிழங்கோட கிழங்கா ஒளிஞ்சுக்கிட்டு அடுத்த வருசத்துக்கும் வரும். 46 டிகிரி சுடுதண்ணியில 20 நிமிசம் கிழங்கைப் போட்டு எடுத்தா செத்துரும். தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க, வெரலை விட்டுப் பாத்தா நீங்களும் வெந்து கிழங்கும் வெந்துரும்.

அந்த மழைத்தண்ணி விசயத்துக்கு வர்றேன். இந்தச் செடிக்கு ஒரு வினோதமான நோவு இருக்கு: ஃப்ளோரைடு ஆகாது. கொஞ்சம் பட்டாலே இலை நுனி கருகிரும், வெட்டி வெச்ச பூவுல இதழோரம் சுருங்கிக் காயும். குடிதண்ணியில லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரைக்கும் நமக்குப் பரவாயில்லைன்னு வரையறை வெச்சிருக்காங்க. அந்த ஒரு மில்லிகிராமே இதுக்குச் சீக்கு. நீங்க கீழ தர்மபுரிப் பக்கம் போர்த்தண்ணி எப்பிடின்னு கேட்டுப் பாருங்க. பல்லுல பழுப்பு, எலும்புல வலின்னு சனங்க பட்டதுக்குத்தான் ஒகேனக்கல்லுல இருந்து காவிரித் தண்ணியைக் குழாய்ல கொண்டுபோனாங்க, 2013ல தொடங்கி வெச்சாங்க. மனுசன் பல்லு வருசக்கணக்குல சொல்றதை இந்தப் பூ ரெண்டு மூணு நாள்ல சொல்லிரும். "காய்ச்சி ஆற வெச்சு ஊத்தறேன்"னு சொல்லாதீங்க. காய்ச்சுனா தண்ணிதான் கொறையும், ஃப்ளோரைடு அப்பிடியே நிக்கும், இன்னும் கெட்டியாகும். பூச்சாடிக்கு மழைத்தண்ணி ஊத்துங்க. பாத்தியில சூப்பர் பாஸ்பேட்டையும் அள்ளிக் கொட்டாதீங்க, அதுலயும் இது கலந்திருக்கு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, எனக்கு நெனைச்சா சிரிப்பு வரும். அலுமினியம் உருக்கற ஆலையில வர்ற புகையில ஃப்ளோரைடு இருக்கும். வெளிநாட்டு விஞ்ஞானிங்க, புகை எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கறதுக்கு ஆலையைச் சுத்தி இந்தச் செடியையே நட்டு வெச்சு இலை நுனியை அளந்திருக்காங்க. 'ஸ்னோ பிரின்சஸ்'னு ஒரு வெள்ளை ரகம் அந்த வேலைக்கே பேர் போனது. நம்ம சேர்வராயன் மலையிலயும் பாக்சைட்டு வெட்டி லாரி லாரியா மேட்டூரு அலுமினிய ஆலைக்கு எறக்குனாங்க, வெட்டுன எடம் இன்னமும் செவப்பா மொட்டையா நிக்குது. மலையோட மண்ணு ஆலைக்குப் போச்சு. ஆலையை உளவு பாக்கற பூவை நீங்க மலைக்குக் கொண்டு வர்றீங்க. நல்ல பண்டமாத்து.

இனி வெட்டறது. இதுலதான் பங்களாக்காரங்க எல்லாரும் ஒரே தப்பைப் பண்றாங்க. பூ அடியிலிருந்து மேல ஒண்ணொண்ணா விரியும். பாதிக் கதிர் விரியற வரைக்கும் பாத்து ரசிச்சுட்டு வெட்டுவீங்க, வீட்டுக்குப் போறதுக்குள்ள பாதி வாடிரும். அடியில இருக்கற ஒண்ணு ரெண்டு மொட்டுல கலர் எட்டிப் பாத்ததும், விடியக்காலம், கூர்மையான கத்தியில சாய்வா வெட்டி உடனே பக்கெட் தண்ணியில வெக்கணும். மத்ததெல்லாம் உங்க ஹால்லயே விரியும். தெனமும் தண்ணி மாத்தி, தண்டை ஒரு வெரக்கடை வெட்டி விட்டு, அடியில வாடுனதைக் கிள்ளிக்கிட்டே இருந்தா ஒரு வாரம் போலத் தாங்கும்.

தண்டு நீளமா வேணும்னு மண்ணு மட்டத்துல வெட்டுவீங்க பாருங்க, அங்கதான் சங்கதி. கொறைஞ்சது நாலஞ்சு இலையாவது செடியில விடணும். நீங்க நட்ட கிழங்கு இந்நேரம் சுருங்கிச் சக்கையாயிருக்கும். அதுக்கு மேல புதுசா ஒரு கிழங்கு கட்டிக்கிட்டிருக்கும். அதுக்குச் சோறு போடறது அந்த இலைதான். இலையோட சேத்து வெட்டுனா இந்த வருசப் பூவோட கதை முடிஞ்சுது, அடுத்த வருசம் மறுபடியும் கிழங்குக்குக் காசு. பூ உங்களுது, இலை கிழங்குக்கு. இதைப் பூச்செடின்னு நெனைக்காதீங்க தம்பி, மரவள்ளி போடறவன் கண்ணோட பாருங்க.

ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போறப்ப டிக்கியில படுக்க வெச்சுறாதீங்க. படுக்க வெச்சா நுனி தானா மேல வளையும். அப்பிடியே விட்டீங்கன்னா காலையில கொண்டை ஊசி வளைவு கார்லயும் தெரியும். பக்கெட்டுல நட்டமா நிறுத்தி, பின் சீட்டுல யாராவது புடிச்சுக்கிட்டு வரட்டும். மாப்பிள்ளை சும்மாத்தானே உக்காந்து வருவாரு.

பூ முடிஞ்சு ஆறு வாரம், எட்டு வாரம் இலை மஞ்சளாகற வரைக்கும் செடியைத் தொடாதீங்க. பாக்க அலங்கோலமாத்தான் இருக்கும்; விருந்தாளி வந்தா அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க. அப்பறம் தண்ணியை நிறுத்தி, மழை விட்ட நாளாப் பாத்துத் தோண்டி, நெழல்ல காய வெச்சு, பழைய சக்கையைப் பிச்சுப் போட்டுட்டு, வெங்காய வலைப்பையில காத்தாடத் தொங்க விடுங்க. பாலித்தீன் கவர்ல கட்டுனா பூஞ்சணந்தான் பூக்கும். ரெண்டு மூணு மாசம் அது தூங்கும், தண்ணி தெளிச்சாலும் எந்திரிக்காது. அவசரக்காரங்க 4, 5 டிகிரிக் குளிர்ல வெச்சு எழுப்புவாங்க. உங்க ஃப்ரிட்ஜுல வெக்கறதுன்னா மேல பேரு எழுதி வைங்க, இல்லாட்டி சமையக்காரம்மா சேப்பங்கிழங்குன்னு வறுத்துப் போட்டுரும். நீங்களும் "கொஞ்சம் நாராத்தான் இருக்கு"ன்னு தின்னுருவீங்க.

தோண்டறப்ப பெரிய கிழங்கைச் சுத்தி உளுந்து, பட்டாணி அளவுல குட்டிக் குட்டியா ஒட்டிக்கிட்டிருக்கும், கை நெறைய வரும். அதைப் பத்தி நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நட்டாலும் பூக்க ரெண்டு மூணு வருசம் ஆகும், உங்களுக்குப் பொறுமை இருக்காது. அதை ஒரு டப்பாவுல போட்டு வாட்ச்மேன்கிட்டக் குடுத்து நம்ம வீட்டுக்கு அனுப்பிருங்க, நான் குப்பையில போட்டுக்கறேன். என் வாசல்ல இத்தனை கலரு எப்பிடி வந்துச்சுன்னு அன்னிக்குக் கேட்டீங்கல்ல? எல்லாம் உங்களுக்கு முன்னாடி இந்தப் பக்கம் பங்களா வாங்குனவங்க வீட்டுக் குப்பைதான் தம்பி. மஞ்சள்ல மட்டும் நமக்குக் கொஞ்சம் கொறைச்சலா இருக்கு. அடுத்த தடவை வாங்கறப்ப மஞ்சளாப் பாத்து வாங்குங்க.